ஒகேனக்கல்லில் தண்ணீர் குறைந்த மாதங்களில் என்ன பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: மார்ச் கடைசியில் பிள்ளைகளோடு ஒகேனக்கல் போகிறோம். "இப்போ போய் என்ன பண்ணப் போறீங்க, வெறும் பாறைதான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். குளியல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் தவிர அங்கே இயற்கை என்று பார்க்க ஏதாவது உண்டா? விலங்குகள் கண்ணில் படுமா? முதலை இருக்கிற ஆற்றில் பரிசலில் போகலாமா?

தாராளமாகப் போங்கள். வெள்ளம் பொங்கி விழுவதைப் பார்க்க ஆடி மாதம் சரி. ஆற அமரக் குளிப்பதற்கு, மழைக்காலம் முடிந்து தண்ணீர் தணிந்த நாட்கள் சரி. ஆனால் அந்த ஆற்றை நம்பி வாழ்கிற உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தை பிறந்ததிலிருந்து வைகாசி வரைதான் காலம். தண்ணீர் இல்லை என்று ஊரே உதட்டைப் பிதுக்குகிற அந்த மாதங்களில்தான் முதலை மணலில் முட்டையிடுகிறது, ஆலா குஞ்சு பொரிக்கிறது, யானை ஆற்றுக்கு இறங்கி வருகிறது. அதனால் உங்கள் தேதியை மாற்ற வேண்டாம்.

முதலில் இடத்தைப் பற்றி. தலைக்காவிரியில் புறப்படுகிற காவிரி மைசூர் மேட்டு நிலத்தில் நிதானமாக ஓடி, அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் படிப்படியாக இறங்குகிறது. முதல் பெரிய இறக்கம் சிவசமுத்திரம். 1902-லேயே அங்கே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பினார்கள். அதற்குக் கீழே அர்க்காவதி வந்து சேர்கிற சங்கமம், அப்புறம் ஆறு ஒரு ஒடுங்கிய பாறைச் சந்தில் நுழைகிற மேக்கேதாட்டு. அதன் பிறகு இரு மாநிலங்களுக்கும் எல்லையாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் காட்டுப் பாதையின் கடைசிப் பகுதியில்தான் ஒகேனக்கல் இருக்கிறது. சின்னாறு இங்கேதான் காவிரியில் கலக்கிறது. இதற்குக் கீழே ஆறு தெற்கே திரும்பி மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடும். ஒரு காலத்தில் காவிரி இங்கே தெற்கே திரும்பாமல் வடகிழக்கே, இன்றைய பாலாற்றுப் பக்கமாக ஓடி, சென்னையை ஒட்டிக் கடலில் கலந்திருக்கலாம் என்ற கருத்து புவியியலாளர்களிடம் உண்டு. பிறகு நிலம் உயர்ந்தும் பிளந்தும் ஆற்றைத் தெற்கே தள்ளிவிட்டதாம்.

இங்கே காவிரி ஒரே அருவியாக விழுவதில்லை. ஒரு பெரிய பாறைப் பரப்பின் மேல் பல கால்களாகப் பிரிந்து, அவரவருக்குக் கிடைத்த வெடிப்பு வழியாக விழுகிறது. உயரம் அதிகமில்லை, பெரிய அருவிகளே இருபது மீட்டர் அளவுதான். வெள்ளத்தில் போனால் இந்தப் பிரிவுகள் எல்லாம் மறைந்து நுரையும் புகையும்தான் தெரியும். மார்ச் மாதம்தான் பாறை வெளியே வரும், ஆறு எப்படி வேலை செய்திருக்கிறது என்பது புரியும். தொங்குபாலத்தின் மேலே நின்று பாருங்கள். பாறையில் நேர்கோடாக ஓடும் வெடிப்புகள் தெரியும். தண்ணீர் அந்த வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் அறுத்திருக்கிறது. பரிசல் போகும் அந்த ஒடுங்கிய மலைச்சந்தும் அப்படி உருவானதுதான். கரையோரப் பாறைகளில் உருண்டையான குழிகள் இருக்கும். வெள்ளத்தில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி, பாறையைக் குடைந்த குழிகள் அவை. சிலவற்றின் அடியில் அந்தக் கூழாங்கற்கள் இன்னும் கிடக்கும். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும், எடுத்துக்கொண்டு வரவேண்டாம்.

அந்தப் பாறைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட்டும் பட்டைப் பட்டையாகத் தெரிகிற நைஸ் வகையும். சென்னைக்காரர்களுக்குச் சார்னோக்கைட் பழக்கமானதுதான், பரங்கிமலையும் பல்லாவரமும் அதே வகைப் பாறை. ஒகேனக்கல் பகுதியில் இன்னொரு அபூர்வமும் உண்டு: கார்பனடைட். பூமிக்கு உள்ளிருந்து வந்த கார்பனேட் நிறைந்த குழம்பு உறைந்து உண்டான பாறை. இங்கே உள்ளதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். அந்த வகையில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. சுற்றுலாப் பயணி கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது, ஆனால் இந்தியா முழுவதிலுமிருந்து புவியியல் மாணவர்கள் இங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உயிரினங்களுக்கு வருவோம். இங்கே எல்லாவற்றுக்கும் அச்சாணி ஆற்றங்கரை மரங்கள். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள மலைகள் வறண்டவை. கோடையில் இலை உதிர்த்து, சாம்பல் பூத்து நிற்கும் காடு. உசிலை, வெக்காலி, ஆச்சா, மூங்கில், முள் மரங்கள் என்று குறைந்த தண்ணீரில் காலம் தள்ளத் தெரிந்த மரங்கள். ஆனால் ஆற்றின் இரு கரையிலும் மட்டும் ஒரு பச்சை நாடா ஓடும். நீர்மருது, புங்கன், நாவல், புளி எல்லாம் சேர்ந்து கிளையோடு கிளை கோத்து நிற்கும். மருத மரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அடிமரம் வெளிறிய சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருக்கும், வேர்கள் கரையைக் கவ்விப் பிடித்திருக்கும். வெள்ளம் கரையை அரிக்காமல் காப்பது பெரும்பாலும் இந்த வேர்கள்தான். ஆற்றின் நடுவில் பாறை இடுக்குகளில் அலரி இலை மாதிரி நீண்ட இலையோடு ஒரு புதர் பார்ப்பீர்கள். பெரிய வெள்ளம் அதன் மேலேயே பாயும். தண்டு ஒடியாது, வளைந்து படுத்து, தண்ணீர் வடிந்ததும் எழுந்து நிற்கும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போன வெள்ளத்தின் திசையைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பச்சை நாடாவில்தான் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள விலங்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே 1988-இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். காவிரிக் கரையிலும் இது இருப்பது பலருக்குத் தெரியாது. வீட்டு முற்றத்து அணிலை மனதில் வைத்துத் தேடாதீர்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை முக்கால் மீட்டர் இருக்கும். சாம்பல் முதுகு, வெளிறிய வயிறு, நரை கலந்த பெரிய குஞ்சம் போன்ற வால். புளியம்பழமும் மருதங்காயும் தின்னும். தரைக்கு இறங்குவது அரிது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே வாழ்க்கையை நடத்துகிறது. அதனால்தான் கரையில் நாலு பெரிய மரங்களை வெட்டினாலே அதற்குப் பாதை அறுந்துபோகிறது. அப்பால் உள்ள மரங்கள் அதற்கு இல்லாத மாதிரிதான். கண்டுபிடிக்க ஒரு வழி: உச்சிக் கிளைக் கவட்டில் இலையும் குச்சியும் சேர்ந்த பெரிய உருண்டைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். காக்கைக் கூடு போலத் தட்டையாக இருக்காது. அங்கேயே பத்து நிமிடம் பேசாமல் நின்றால் கட்டையான குரலில் கத்துவது கேட்கலாம். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலு மணிக்கு மேலோ என்றால் வாய்ப்பு அதிகம்.

இப்போது ஆற்றுக்குள். மழைக்காலம் மீன்களின் காலம், கோடை மற்றவர்களின் காலம். புதுவெள்ளம் வந்ததும் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி முட்டையிடுகின்றன. ஆனால் ஆற்று மணலை நம்பி இருப்பவை வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டும். சதுப்புநில முதலை, நம் ஆறு குளங்களில் இருக்கிற சாதாரண முதலைதான், மாசி பங்குனி வாக்கில் கரை மணலில் குழி தோண்டி இருபது முப்பது முட்டையிடும். சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். தென்மேற்குப் பருவமழை வெள்ளம் வருவதற்குள் குஞ்சுகள் தண்ணீருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. நீங்கள் போகிற மார்ச் கடைசி இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. அதனால் மணல்மேட்டில் கண்டபடி தோண்டி விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

ஆற்று ஆலாவும் இதே கணக்குதான். மஞ்சள் அலகு, கருந்தொப்பி, நீண்ட பிளவுபட்ட வாலோடு ஆற்றின் மேல் தாழப் பறந்து மீன் பொறுக்கும் பறவை. கோடையில் வெளியே தெரிகிற மணல் திட்டிலோ பாறைத் திட்டிலோ கூடு என்று எதுவும் கட்டாமல் சும்மா தரையில் முட்டையிடும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதுதான் அதற்கு வேலி. தண்ணீர் ரொம்பக் குறைந்தால் நாய் நடந்தே போய் முட்டையைத் தின்றுவிடும். திடீரென்று தண்ணீர் திறந்துவிட்டால் முட்டை முழுகிவிடும். இந்தியா முழுக்க இந்தப் பறவை குறைந்துகொண்டே போவதற்கு இந்த இரண்டும்தான் முக்கியக் காரணங்கள். கல் நிறத்திலேயே இருக்கும் சின்ன உப்புக்கொத்தி வகைகளும், பெரிய கண்ணோடு முறைத்துப் பார்க்கும் ஆற்றுக் கண்கிலேடியும் இதே திட்டுகளில்தான் குடும்பம் நடத்துகின்றன. காவிரியில் லீத் மென்னோட்டு ஆமை என்று ஒன்று உண்டு. தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே எங்கும் இல்லாதது, அழியும் ஆபத்தில் இருப்பது. ஓடு கெட்டியாக இல்லாமல் தோல்போல இருக்கும். அதைப் பார்ப்பது பெரும் அதிர்ஷ்டம். பாறை ஓரம் மூக்கை மட்டும் நீட்டி மூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடும்.

மற்றப் பறவைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பாறை மேல் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, தலைகீழாக விழும். பிள்ளைகளுக்கு அருவியைவிட இதுதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு. மரநிழலில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய சிவந்த அலகு மீன்கொத்தியும் உண்டு. கழுகு மாதிரி ஒன்று ஆற்றோர மரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகக் கவனியுங்கள். இமயமலை அடிவார ஆறுகளில் உள்ளது என்று நினைத்திருந்த சிறிய மீன்கழுகு காவிரியின் இந்தப் பகுதியிலும் இருப்பது பின்னால்தான் தெரியவந்தது. சாம்பல் தலை, வெள்ளை வயிறு.

எனக்கு இங்கே மிகவும் பிடித்தது நீர்நாய். யானையைப் பார்க்க ஆசைப்பட்டுக் காட்டு வழியில் கண்ணை நட்டுக்கொண்டு போகிறவர்கள், பரிசலில் உட்கார்ந்ததும் போனை எடுத்து செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் நீர்நாய்க் குடும்பம் எதிர்க்கரையில் போய்க்கொண்டிருக்கும். வழுவழுப்பான பழுப்பு ரோமம், தட்டையான வால், விரல்களுக்கு நடுவே சவ்வு. அப்பா அம்மா குட்டிகள் என்று கூட்டமாகவே திரியும். மீனைச் சேர்ந்து வளைத்து ஆழமில்லாத இடத்துக்கு விரட்டிப் பிடிக்கும். தலைகள் மட்டும் வரிசையாகத் தண்ணீரில் எழும்பி எழும்பி மறைந்தால் அதுதான். நேரில் பார்க்காவிட்டாலும் அடையாளம் பார்க்கலாம். கரையோரத் தட்டைப் பாறையில் மீன் செதிலும் முள்ளுமாகக் காய்ந்த எச்சம் கிடக்கும், கவிச்சி வாடை தூக்கும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு பாறையைத் திரும்பத் திரும்பக் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும், அதுதான் அவற்றின் எல்லைக் கல். வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்களுக்கு இதன் மேல் கோபம் உண்டு. ஆனால் நீர்நாய்க்கும் மீனவர்களுக்கும் பொது எதிரி தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவர்கள். ஒரு வெடியில் அந்த மடுவில் உள்ள குஞ்சு மீன் முதல் எல்லாமே செத்து மிதக்கும், அதில் பாதி மீன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டு போகும்.

மீன் என்றதும் கடைகளில் மிளகாய் தடவி வரிசையாக அடுக்கியிருப்பதுதான் ஞாபகம் வரும். அதில் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து நீர்த்தேக்கங்களில் விட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சாப்பிடுங்கள், ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அதை "காவிரி மீன்" என்று சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. காவிரிக்கே சொந்தமான ராஜா மீன் வேறு: முதுகு திமிலாக எழும்பிய மஹ்சீர். கெண்டை இனம்தான், ஆனால் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 1946-இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் இதைத் தேடிக் காவிரிக்கு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பேர்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பது 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் உலக அளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினங்கள் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. காவிரிப் படுகையை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது. அணைகள், மணல் அள்ளுதல், தோட்டா எல்லாம் காரணம்தான். இன்னொரு காரணம் நல்லெண்ணத்தில் செய்த வேலை: மீன்வளத்தைப் பெருக்குவதாக 1970களிலிருந்து மகாராஷ்டிரத்துப் பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, நம்மூர் மீன் ஒதுங்கியது. உங்கள் தட்டில் அது வர வாய்ப்பில்லை, வரவும் கூடாது.

காடு பற்றி. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள மேலகிரி மலைக்காடுகளின் ஒரு பெரிய பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் அதற்குத் துணையாகக் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். அந்த அறிவிப்பின்போது தெற்குப் பகுதியில் மட்டும் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், அதைத் தொட்டுக்கொண்டு மாதேஸ்வரன் மலை, அப்புறம் பிலிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று காடு விட்டுப்போகாமல் நீலகிரி வரை தொடர்கிறது. யானைக்கு மாநில எல்லை கிடையாது, இந்த வழி முழுக்க அதற்கு ஒரே வீடு. மழை முடிந்ததும் கேழ்வரகு முற்றுகிற நேரத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய் விவசாயிகளைப் படாத பாடு படுத்தும். கோடையில் மலைக்குட்டைகள் வற்றியதும் ஆற்றுக்கு இறங்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற சாலையிலேயே யானை குறுக்கே போவது கோடையில் அடிக்கடி நடப்பது. நாற்கொம்பு மான், கடமான், கரடி, சிறுத்தை எல்லாம் இருக்கின்றன, ஆனால் சுற்றுலா வண்டியிலிருந்து அவற்றைப் பார்ப்போம் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

ஒரு காலத்தில் இந்தக் காடுகளுக்குள் ஆய்வாளர்கள் போகவே தயங்கினார்கள். வீரப்பன் இருந்த காலம் அது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவன் கதை முடிந்த பிறகுதான் கணக்கெடுப்பும் தானியங்கி கேமரா வேலையும் இங்கே ஒழுங்காகத் தொடங்கின. மலை அணில், நீர்நாய் பற்றியெல்லாம் இப்போது நமக்குத் தெரிகிற பலவும் அதற்கப்புறம் சேர்ந்த அறிவுதான். அதற்குள் சந்தன மரங்கள் ஏறக்குறைய போய்விட்டன என்பது வேறு கதை.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் பார்க்கப் போகும் ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் எவ்வளவு திறக்கின்றன என்பதுதான் அருவியின் பருவம். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. 2018 பிப்ரவரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதும் அந்த இடத்தில் அளந்து கொடுக்கத்தான். விவசாயிக்கும் அரசியலுக்கும் ஆண்டுக் கணக்கும் மாதக் கணக்கும் போதும். மணலில் முட்டையிட்ட ஆலாவுக்கு நாள் கணக்கு வேண்டும். ஏப்ரலில் மூன்று நாளைக்கு மட்டும் தண்ணீர் கூடினாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள் போய்விடும். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு மாநிலத்திலும் குறைவு. மேக்கேதாட்டில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டும் திட்டம் வந்தால், முழுகுவது பெரும்பாலும் இதே ஆற்றங்கரைக் காடுதான் என்பதையும் தண்ணீர்ச் சண்டையின் சத்தத்தில் யாரும் கேட்பதில்லை.

தண்ணீரின் தரம் இன்னொரு தலைவலி. பெங்களூருவின் கழிவில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து சங்கமத்தில் காவிரிக்கும் வருகிறது. வெள்ளக் காலத்தில் கலந்து கரைந்துவிடும். கோடையில் ஆறு மெலிந்திருக்கும்போது தேங்கிய மடுக்களில் பாசியும் நுரையும் தெரிந்தால் அது அருவியின் நுரை என்று நினைக்க வேண்டாம். அருவியில் குளிக்கலாம், மடுத் தண்ணீரைப் பிள்ளைகள் வாயில் வைக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. அது முறையாகச் சுத்திகரித்த பிறகு போகிற தண்ணீர்.

இனி முதலை பற்றிய பயம். இந்த வகை முதலை பெரும்பாலும் மீனையும் சின்ன விலங்குகளையும் தின்கிறது. பரிசலைப் பார்த்தால் தண்ணீருக்குள் நழுவிவிடும். உரிமம் பெற்ற பரிசல் ஓட்டியோடு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துறை சொன்ன வழியில் போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலை ஆளைத் தாக்கியதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்தில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே குளிப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும், முக்கியமாக ஆள் நடமாட்டமில்லாத ஆழமான மடுக்களில், இறங்கக் கூடாது. உண்மையில் ஒகேனக்கல்லில் ஆளைக் கொல்வது முதலையில்லை. வழுக்குப் பாறை, பாறைக்கு அடியில் இழுக்கிற சுழல், குடித்துவிட்டு இறங்குகிற துணிச்சல், இவை மூன்றும்தான்.

பரிசலில் சின்னாறு துறையிலிருந்து கோத்திக்கல் வழியாக மணல்திட்டு வரை போகிற பாதை நல்லது. காலையில் முதல் பரிசல்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஓட்டியிடம் "சுத்த வேண்டாம் அண்ணே, மெதுவா கரையோரமா போங்க, நீர்நாய் முதலை தெரிஞ்சா சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கமாகச் செய்வதுபோல் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிக் காட்டிச் சத்தம் போட வைப்பார்கள். ஆற்றைப் படிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எந்தப் பாறையில் எந்த நேரத்தில் முதலை வெயில் காயும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மார்ச்சில் காலை ஒன்பது பத்து மணிக்குள் முதலை வாயைத் திறந்துகொண்டு பாறையில் கிடக்கும். கோபமில்லை, உடம்புச் சூட்டைச் சரிசெய்கிறது, அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்குள் போய்விடும்.

பென்னாகரம் சாலையில் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் பயணத்தைத் தவிருங்கள். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல் காத்திருங்கள். பேருந்து நிலையத்துக் குரங்குகளுக்குக் கடலை போட வேண்டாம். போட்டுப் போட்டுத்தான் அவை இப்போது கையிலிருந்து பையைப் பிடுங்குகின்றன. மதுப்புட்டியை உடைத்துப் பாறையில் விட்டுப் போகிற கூட்டம் உண்டு, ஆகவே பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தியில் "ஒகேனக்கல் நீர்வரத்து" எவ்வளவு என்று பாருங்கள். 2018, 2019, 2024 ஆண்டுகளின் வெள்ளத்தில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. அப்படியென்றால் ஒரு வினாடியில் 28 லட்சம் லிட்டர். அப்போது குளியல், பரிசல் எல்லாம் தடைதான். கோடையில் அதே ஆறு சில நூறு கன அடிக்கு இறங்கிய ஆண்டுகளும் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் இருந்தால் உங்களுக்கு எல்லாமே கிடைக்கும்: அருவியில் தலையை நனைக்கத் தண்ணீர், பரிசல் மிதக்க ஆழம், பறவைக்கு மணல் திட்டு.

அப்புறம், வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் பார்க்கத் தகுந்ததா என்றும் சிலர் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அரை மணி நேரம் போய் வாருங்கள். குட்டி முதல் கிழம் வரை அருகில் பார்க்கலாம், ஆற்றில் தூரத்தில் பார்க்கும்போது எது மரக்கட்டை எது முதலை என்று பிரித்தறிய அது உதவும். ஆனால் அங்கே முதலில் போய்விட்டு வெயில் ஏறிய பிறகு பரிசலுக்குப் போகாதீர்கள். காலை ஆற்றுக்கு, மதியம் முதலை மையத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.